பத்திரிகை ஆசிரியர் தேர்தலில் நிற்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் எங்கேயோ ஒரு சிற்றிதழ் நடத்திக்கொண்டு, வேட்புமனு போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார் போலிருக்கிறது. போடுங்கள்.

நான் இருப்பது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாண்டில். இந்த ஊர்க்காரர் ஒருவரைச் சொல்கிறேன்: ஹாரி சி. ஸ்மித். 1863-ல் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பினத்தவர். இருபது வயதில் கூட்டாளிகளோடு கிளீவ்லாண்ட் கெஜட் என்ற வார இதழைத் தொடங்கி, பிறகு அவர்கள் பங்கையும் தானே வாங்கிக்கொண்டார். 1893-ல் குடியரசுக் கட்சி சார்பில் ஒஹாயோ சட்டமன்றத்துக்குத் தேர்வானார். மொத்தம் மூன்று முறை. இதழை மட்டும் விடவில்லை.

1896-ல் அவர் முயற்சியில் வந்த சட்டம்தான் எனக்குப் பிடித்தது. கும்பல் சேர்ந்து ஒருவரைக் கொன்றால், கொன்றவன் சிக்கினாலும் சிக்காவிட்டாலும், அந்தக் கவுண்டி, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி, செத்தவர் குடும்பத்துக்கு 5,000 டாலர் தர வேண்டும். கவுண்டிப் பணம் என்றால் வரிப்பணம். வேடிக்கை பார்த்தவன் பையிலிருந்தும் போகும்! மறு வருடமே ஒஹாயோவின் அர்பானா ஊரில் சார்ல்ஸ் மிட்செல் என்பவரை ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்து வந்து தூக்கில் போட்டுக் கொன்றது. அந்த வழக்கில்தான் 1900-ல் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது. பல வருடம் தலையங்கம் எழுதிப் பார்த்தவருக்குத்தான், பணத்தில் கைவைத்தால் உறைக்கும் என்று தெரியும்.

இதெல்லாம் எனக்கு ஏன் என்றால், நானும் நின்றவன். இங்குள்ள ஒரு தமிழ் அமைப்பின் ஆண்டு மலரை ஆறு வருடம் தொகுத்தேன். ஒரு வருடம் முன்னுரையில், பொங்கல் விழாவின் மண்டப வாடகைக் கணக்கை உறுப்பினர்களுக்குக் காட்டலாமே என்று இரண்டே வரி எழுதினேன். அடுத்த மாதம் செயற்குழுத் தேர்தலில் நின்றேன். வாட்ஸப் குழுவில் ஒரு அண்ணன், "அப்போ மலரே உங்க பிரசார நோட்டீஸ்தானா தம்பி?" என்று கேட்டார். அவ்வளவுதான், ஒன்பது ஓட்டில் தோற்றேன். முன்னுரை எழுதியபோது நிற்கும் எண்ணமே எனக்குக் கிடையாது; நம்புகிறவர்கள் நம்பலாம். ஸ்மித்தும் நீயும் ஒன்றா என்று யாரும் பாய வேண்டாம். அவர் எதிர்த்தது கொலைகாரக் கும்பலை, நான் கேட்டது வாடகை ரசீதை. ஆனால் எழுதுகிறவன் எழுதுவதோடு நிற்கட்டும் என்கிற ஆட்கள், எழுதினாலும் பதில் சொல்வதில்லையே?

அப்புறம், அந்த அண்ணன் மலருக்குக் கவிதை அனுப்பியது அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் இரவு பதினொரு மணிக்கு. ஒற்றுப்பிழையைத் திருத்தியதற்கு ஒரு வாரம் பேசவில்லை.

ஸ்மித் 1941-ல் சாகும்வரை, 58 வருடம், கெஜட்டை நடத்தினார். நான் ஆறோடு விட்டுவிட்டேன். கடைசி மலரில் அரைப்பக்க விளம்பரம் போட்ட மளிகைக் கடைக்காரர் இன்னும் 75 டாலர் பாக்கி.