வயற்காவலுக்கு எல்ஈடி டோர்ச்: கடையிலேயே தரம் பார்ப்பது எப்படி?

கிளிநொச்சிப் பக்கம் இரவு வயற்காவலுக்கு டோர்ச் வாங்கப் போகிறீர்கள். பெட்டியில் உள்ள லூமென் கணக்கை, அதாவது வெளிச்ச அளவை, நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்ப வேண்டாம். முதலில் பின்மூடியைக் கழற்றுங்கள்.

திருகும்போது மணல் அரைபடுவது போலக் கரகரத்தால் புரி சரியாக வெட்டப்படவில்லை. புரிக்குப் பக்கத்தில் கறுப்பு றப்பர் வளையம் ஒன்று இருக்க வேண்டும். கார்த்திகை மழையைத் தடுப்பது அதுதான். பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்ற நீர்த்தடுப்புக் குறி இருந்தால் 1 மீற்றர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று அர்த்தம். வளையம் வெடித்திருந்தால் அந்த எழுத்து வெறும் அலங்காரம். தலையை முன்னே இழுத்து ஒளியைக் குவிக்கிற வகை பார்க்க வடிவுதான். ஆனால் மலிவானவற்றில் அந்த இடைவெளியால் ஈரமும் புழுதியும் உள்ளே போகும். வயலுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், முழு வெளிச்சத்தில் சில நிமிடம் எரிய விடுங்கள். அலுமினிய உடல் சுட்டால் பயப்படாதீர்கள், எல்ஈடியின் சூடு வெளியே வருகிறது. கண்கூசும் வெளிச்சம் இருந்தும் உடல் குளிர்ந்தே கிடந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்: சூடு உள்ளேயே தங்கி எல்ஈடியைக் கெடுக்கும்.

யானையைத் தூரத்திலேயே காண வேண்டுமானால் ஆழமான, வழுவழுப்பான பிரதிபலிப்பான் (எல்ஈடியைச் சுற்றியுள்ள பளபளப்பான கிண்ணம்) நல்லது. எல்ஈடி அதன் நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வகை டோர்ச்சுகளில் போடும் 18650 என்ற உருளைப் பற்றரியில், கொள்ளளவு 9900 மில்லியம்பியர் மணி என்று போட்டிருந்தால் அது சுத்தப் பொய். அந்தப் பருமனில் 4000ஐத் தாண்டுவதே அரிது.