சி.டி. ஸ்கேன் நார்மல் என்றார்கள், மறுநாள் எம்.ஆர்.ஐ.யில் பக்கவாதம் தெரிந்தது: முதல் அறிக்கை தவறா?

காலையில் தங்கள் தந்தையாருக்கு வலது கை செயலிழந்து பேச்சு குழறியது, ஒன்றரை மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்தீர்கள், தலைக்கு எடுத்த சி.டி. ஸ்கேன் ‘நார்மல்’ என்றார்கள், மறுநாள் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மூளையின் இடது பக்கத்தில் ஒரு பகுதி இரத்த ஓட்டமின்றிப் பாதிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. முதலில் பார்த்தவர் கோட்டை விட்டுவிட்டாரா, எம்.ஆர்.ஐ.யையே முதலில் எடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கதிரியக்க நோயறிதல் துறையில் பணியாற்றும் மருத்துவர். படங்களைப் பார்க்காமல் அந்த அறிக்கை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆனால், பக்கவாதம் தாக்கிய முதல் ஓரிரு மணி நேரத்தில் எடுக்கும் சி.டி. இயல்பாகத் தோன்றுவதும், பிறகு எம்.ஆர்.ஐ.யில் பாதிப்பு பளிச்சென்று தெரிவதும் எங்கள் துறையில் அன்றாடம் காண்பவை. இரண்டு படங்களும் ஒன்றையொன்று மறுப்பதில்லை.

அந்த நேரத்தில் சி.டி.யிடம் மருத்துவர்கள் எதிர்பார்ப்பது ஒரே ஒரு விடை: மூளையில் இரத்தக்கசிவு இருக்கிறதா, இல்லையா? இரத்தக்குழாய் அடைபட்டாலும் கை விழும், பேச்சு குழறும். குழாய் வெடித்து இரத்தம் கசிந்தாலும் அதேதான் நடக்கும். நோயாளியைப் பரிசோதித்து மட்டும் இவ்விரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய எவ்வளவு தேர்ந்த மருத்துவராலும் முடியாது. சிகிச்சையோ நேர் எதிரானது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை இரத்தக்கசிவு உள்ளவருக்குச் செலுத்தினால் உயிருக்கே ஆபத்து. 1995இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு அந்த ஊசியை 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று நிறுவியது. 2008இல் வந்த ஐரோப்பிய ஆய்வு அந்த எல்லையை 4.5 மணி நேரமாக நீட்டியது. ஆகவே, அறிகுறி உள்ள ஒருவருக்கு ‘இரத்தக்கசிவு இல்லை’ என்று வரும் சி.டி. பக்கவாதம் இல்லை என்று சொல்லவில்லை. ஊசி போடத் தடையில்லை என்றே சொல்கிறது. உறவினர்களிடம் அதை வெறுமனே ‘நார்மல்’ என்று சொல்லிவிட்டுப் போவது எங்கள் தரப்பில் உள்ள குறைதான்.

கசிவு உடனே தெரிய, அடைப்பு மட்டும் ஏன் தெரிவதில்லை? சி.டி. அளப்பது திசுக்கள் எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கின்றன என்பதை மட்டுமே. அந்த அளவை இக்கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் குறிக்கிறோம். (முதல் நோயாளிக்கு 1971 அக்டோபரில் லண்டனில் அவர் எடுத்ததும் தலை ஸ்கேன்தான், 1979இல் ஆலன் கார்மக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) இந்த அளவுகோலில் நீர் 0, காற்று -1000. மூளையின் வெண்பொருள் ஏறத்தாழ 25 முதல் 30, சாம்பல்நிறப் பொருள் 35 முதல் 40, புதிதாகக் கசிந்து உறைந்த இரத்தம் 50க்கு மேல். கசிவு வெள்ளையாக எடுத்துக்காட்டும். பயிற்சி மாணவர்கூடத் தவறவிட மாட்டார்.

அடைப்பின் கதை வேறு. இரத்தம் நின்ற சில நிமிடங்களில் மூளைச் செல்களின் சுவரில் சோடியத்தை வெளியேற்றும் பம்புகள் ஆற்றலின்றி ஓய்ந்துவிடுகின்றன. சோடியம் உள்ளே தங்க, அதன் பின்னாலேயே செல்களுக்கு வெளியே இருந்த நீரும் உள்ளே நுழைகிறது. நீர் இடம் மாறியிருக்கிறதே தவிர, அந்தத் திசுவில் உள்ள மொத்த நீரின் அளவு இன்னும் பெரிதாகக் கூடவில்லை. அடர்த்தியை மட்டும் அறியும் எக்ஸ் கதிருக்கு இந்த இடமாற்றம் தெரியாது. பிறகு, மணிக்கணக்கில், சுற்றியுள்ள இரத்தக்குழாய்களிலிருந்து புது நீர் கசிந்து சேரச் சேரத்தான் அடர்த்தி குறைகிறது. திசுவின் நீர் 1 சதவீதம் கூடினால் சுமார் 2.5 அலகு இறங்கும். ஒரு நாள் கழிந்த பின் எடுக்கும் சி.டி.யில் பாதிக்கப்பட்ட பகுதி கறுத்துத் தெரிவது இதனால்தான்.

அதற்காக முதல் மணி நேரத்துச் சி.டி.யில் தேடுவதற்கு ஒன்றுமே இல்லை என்று எண்ண வேண்டாம். வலது கை விழுந்திருந்தால் நாங்கள் பார்ப்பது இடது மூளையை. படத்தில் அது நம் வலக்கைப் பக்கம் இருக்கும். முதலில் நடுப் பெருமூளைத் தமனியைப் பார்ப்போம். இரத்தக் கட்டி சிக்கியிருந்தால், மறுபக்கத் தமனியைவிட அது வெண்கோடாகத் துலங்கும். அடுத்து, கன்னப்பொறிக்கு நேர் உள்ளே, மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலா என்னும் மூளைப் பகுதி. இயல்பான மூளையில் அதன் விளிம்பில் சாம்பல்நிறப் பொருள் மெல்லிய நாடாவைப் போல ஓடும்; அடைப்பு வந்தால் அந்த நாடா மங்கி, பக்கத்து வெண்பொருளோடு கலந்துவிடும். வேறுபாடு ஐந்தாறு அலகுகள்தான். வழக்கமாகக் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 80 அலகு அகலத்தில் பார்க்கும் படத்தை 40ஆகக் குறுக்கி, அறையின் வெளிச்சத்தையும் தணித்துவிட்டு, இடமும் வலமும் மாறி மாறி ஒப்பிட்டால்தான் கண்ணுக்குப் பிடிபடும். கனடாவின் கால்கரியில் 2000இல் வகுக்கப்பட்ட முறைப்படி நடுப் பெருமூளைத் தமனி இரத்தம் ஊட்டும் மூளைப் பகுதியைப் பத்தாகப் பிரித்து, மங்கிய ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கழிப்போம். தேர்ந்த இருவர் ஒரே படத்துக்கு வெவ்வேறு மதிப்பெண் தருவதும் உண்டு. நோயாளி தலையைச் சற்றுச் சாய்த்துப் படுத்திருந்தாலே இடமும் வலமும் ஒரே மட்டத்தில் வெட்டுப்படாமல் ஒப்பீடு குலைந்துவிடும்.

மறுநாள் எம்.ஆர்.ஐ. காட்டியது அடர்த்தியை அன்று. நீர் மூலக்கூறுகளின் நடமாட்டத்தை. ‘டிஃப்யூஷன்’ என்ற பிரிவில், செல்களுக்கு வெளியே தாராளமாகத் திரிந்த நீர் செல்லுக்குள் அடைபட்டு நடமாட்டம் சுருங்கியதும் அந்த இடம் வெண்மையாக ஒளிரும். பூனைகளில் அடைப்பை ஏற்படுத்தி, மற்றப் படங்களில் எதுவும் தோன்றுவதற்கு முன்பே டிஃப்யூஷனில் தெரிவதை அமெரிக்காவில் மோஸ்லி என்ற ஆய்வாளரின் குழு 1990இல் காட்டியது. சி.டி. உணராத அதே நீரின் இடமாற்றம்தான் இங்கே முதல் சாட்சி. தங்கள் அறிக்கையில் ‘ஏ.டி.சி.’ (நீரின் நடமாட்டத்தை அளந்து காட்டும் வரைபடம்) என்ற சொல் இருந்தால், அந்த வெண்மை பழைய தழும்பின் ஒளிர்வா, புதிய பாதிப்பா என்று சரிபார்த்திருக்கிறார்கள் என்று பொருள். புதியதாயின் அந்த வரைபடத்தில் அதே இடம் கறுத்திருக்கும்.

அப்படியானால் எம்.ஆர்.ஐ.யை ஏன் முதலில் எடுப்பதில்லை? தலை சி.டி.யில் படமெடுப்பது சில நொடிகளில் முடிந்துவிடும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் ஒருவரை அனுப்புமுன் உடலில் பேஸ்மேக்கர், அறுவையில் வைத்த உலோகக் கிளிப், கண்ணில் இரும்புத் துகள் ஏதும் உண்டா என்று கேட்டாக வேண்டும். பேச்சிழந்து கிடப்பவரிடம் யார் கேட்பது? உடன் வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தெரிந்திருக்காது. படுத்த பிறகும் அசையாமல் பல நிமிடங்கள் இருக்க வேண்டும். அதற்குள் கழியும் நேரம் மூளையின் நேரம். எம்.ஆர்.ஐ. சி.டி.யை முந்தும் இடங்களும் உண்டு. தூங்கி எழும்போதே கை விழுந்திருந்து, தாக்கிய நேரம் தெரியாவிட்டால், டிஃப்யூஷனில் தெரிந்து ஃப்ளேர் என்னும் மற்றோர் எம்.ஆர்.ஐ. பிரிவில் தெரியாத பாதிப்பு பெரும்பாலும் 4.5 மணி நேரத்துக்கு உட்பட்டது என்று கொண்டு ஊசி போடலாம் என 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. தலைசுற்றல், தள்ளாட்டம் என்று வரும் மூளைத்தண்டுப் பக்கவாதத்திலும் எம்.ஆர்.ஐ.யே கைகொடுக்கும், இரு காதுகளுக்கும் உள்ளே இருக்கும் கெட்டியான எலும்புகள் சி.டி.யில் அந்தப் பகுதிக்குக் குறுக்கே கருங்கோடுகளை இழுத்துவிடும். (அங்கே ஏற்படும் மிகச் சிறிய அடைப்பை முதல் நாள் டிஃப்யூஷன்கூடத் தவறவிடக்கூடும்.)

எனவே மருத்துவமனையிடம் தாங்கள் கேட்க வேண்டியது, முதல் சி.டி.யில் ஏன் தெரியவில்லை என்பதைவிட, அதன் பிறகு என்ன செய்தார்கள் என்பதே. கசிவு இல்லை என்று தெரிந்ததும் கரைப்பு ஊசி பற்றிப் பேசினார்களா? போடவில்லை என்றால் என்ன காரணம்? அதே மேசையில் கழுத்து, தலை இரத்தக்குழாய்களுக்குச் சாயம் செலுத்தி சி.டி. ஆஞ்சியோ எடுத்தார்களா? பெரிய தமனி அடைபட்டிருந்தால் குழாய் வழியே கட்டியை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை 2015 முதல் நிலைபெற்றுவிட்டது. தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூட அது பயன்படும் என 2018இல் தெரிந்தது. இவற்றுக்குத் தெளிவான விடை வராவிட்டால் தங்கள் கோபத்தில் நியாயம் உண்டு.

இரண்டாம் கருத்து வேண்டுமென்றால், அச்சிட்ட ஃபிலிமை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். அதில் வெளிச்சத்தின் அளவை மாற்றிப் பார்க்க வழியில்லை. சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டின் மூலப் படங்களையும் குறுந்தகட்டில் கேட்டு வாங்கி, தந்தையார் கடைசியாக நலமாக இருந்ததைப் பார்த்த நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து யாரேனும் மீண்டும் சி.டி. எடுத்து, பாதிப்பு மறைந்துவிட்டது என்று சொன்னால் அதையும் உடனே நம்பிவிட வேண்டாம். அந்தக் கட்டத்தில் கறுப்பு மங்கி, பாதிக்கப்பட்ட இடம் தற்காலிகமாக இயல்பான மூளையைப் போலத் தோன்றுவது உண்டு. பிறகு மறுபடியும் கறுத்துவிடும்.