செக்ஷன் 8 வீடுகள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களின் வாடகையில் ஒரு பங்கை அரசே கட்டும் திட்டத்துக்கு 'செக்ஷன் 8' என்று பெயர். 1937ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் இது 1974இல் சேர்க்கப்பட்டது. பணம் ஹட் என்கிற மத்திய வீட்டுவசதித் துறையிடமிருந்து வருகிறது. நடத்துவது அந்தந்த ஊர் வீட்டுவசதி அமைப்பான ஹவுசிங் அத்தாரிட்டி. அது தரும் வாடகை உதவிச் சீட்டுக்கு வவுச்சர் என்று பெயர், இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இந்த வவுச்சரில் குடியிருக்கின்றன. ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்தில் இப்படி வீடு வாடகைக்கு விட்டுவருபவன் என்பதால் நம்மவர்கள் என்னிடம் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

சான் ஹோசே வாசகர்: அண்ணா, வாடகையை அரசாங்கமே கட்டுது. மாசம் பொறந்தா அக்கவுண்ட்ல பணம். இதுல ரிஸ்க் எங்க இருக்கு?

பணம் வருகிறவரை நீங்கள் சொல்வது சரிதான். குடியிருப்பவருக்கு வேலை போனால்கூட அத்தாரிட்டி அவருடைய வருமானத்தைத் திருப்பிக் கணக்கிட்டுத் தன் பங்கைக் கூட்டும். சாதாரண வாடகையில் இந்த வசதி கிடையாது.

ஆனால் அந்தப் பணம் உங்கள் வீட்டின் நிலையோடு கட்டப்பட்டது. அத்தாரிட்டியின் வீட்டுப் பரிசோதனையில் தவறி, கெடுவுக்குள் சரிசெய்யாவிட்டால் அத்தாரிட்டி தன் பங்கை நிறுத்திவிடும். நின்ற பணத்தைக் குடியிருப்பவரிடம் கேட்க முடியாது, அதைக் காரணம் காட்டி அவரைக் காலி செய்யச் சொல்லவும் முடியாது. ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, கையெழுத்துப் போடுவதற்கு முன் படிப்பவர்கள் குறைவு.

டாலஸ் வாசகர்: மூன்று படுக்கையறைக்கு நான் பார்க்கும் ஊரில் 1,400 டாலர் என்று ஹட் பட்டியல் சொல்கிறது. அப்போது 1,400 வாடகை வரும் என்று வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளாதீர்கள். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான்.

ஹட் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் 'ஃபேர் மார்க்கெட் ரென்ட்' என்பது மின்சாரம், காஸ், தண்ணீர் எல்லாம் சேர்ந்த தொகை. அதில் பொதுவாக 90 முதல் 110 சதவீதத்துக்குள் உள்ளூர் அத்தாரிட்டி தன் உச்சவரம்பை வைக்கும். காஸ், கரண்ட் பில்லைக் குடியிருப்பவர் கட்டுகிறார் என்றால் அதற்கு ஒரு படித்தொகையைக் கழித்துவிட்டுத்தான் உங்கள் வாடகையைப் பார்ப்பார்கள்.

ஒரு கணக்கு போடுவோம். உச்சவரம்பு 1,400, பில்களுக்கான படி 200. உங்கள் வாடகை 1,200 என்றால் மொத்தம் 1,400, வரம்புக்குள் வந்துவிட்டது. கழிவுகள் நீங்கலாகக் குடும்பத்தின் மாத வருமானம் 1,250. அதில் 30 சதவீதம் 375. அத்தாரிட்டி தருவது 1,400இல் 375 போக 1,025. உங்கள் வாடகை 1,200இல் மிச்சம் 175ஐக் குடியிருப்பவர் உங்களிடம் கட்டுகிறார், பில்களைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். உங்கள் கைக்கு வருவது 1,200. வீட்டை உங்களுக்கு விற்பவரோ 1,400ஐ வைத்து லாபக் கணக்கு எழுதி அனுப்பியிருப்பார்.

இன்னும் இரண்டு வடிகட்டிகள் உண்டு. பக்கத்தில் வவுச்சர் இல்லாத, இதேபோன்ற வீடு 1,000க்குப் போகிறது என்றால் உங்களுக்கு 1,200 தர மாட்டார்கள். அடுத்து, வவுச்சர் எத்தனை அறைக்கானது என்பது குடும்ப அளவைப் பொறுத்தது. இரண்டு அறை வவுச்சர் வைத்திருப்பவர் உங்கள் மூன்று அறை வீட்டுக்கு வந்தால் இரண்டு அறை வரம்புதான் செல்லும்.

அட்லாண்டா வாசகி: இன்ஸ்பெக்ஷனில் எதைத்தான் பார்ப்பார்கள்? ரொம்பக் கெடுபிடி என்கிறார்களே.

கெடுபிடி இல்லை அம்மா, நுணுக்கம். கிரானைட் மேடை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. தரைத்தள ஜன்னல் பூட்டுகிறதா, பிளக் பாயின்ட்டுக்கு மூடி இருக்கிறதா, புகை அலாரம் கத்துகிறதா, படிக்கட்டில் கைப்பிடி ஆடாமல் நிற்கிறதா, வெந்நீர்த் தொட்டியின் அழுத்த வால்விலிருந்து குழாய் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். காஸ் அடுப்போ ஹீட்டரோ உள்ள வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். 2022 டிசம்பர் முதல் அது கட்டாயம். உயிருக்கு ஆபத்தான குறைக்கு 24 மணி நேரம், மற்றவற்றுக்குப் பொதுவாக 30 நாள் கெடு. பெரும்பாலான ஊர்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது திரும்ப வருவார்கள்.

பெரிய செலவு வைப்பது பெயின்ட்தான். குடியிருப்புகளில் ஈயம் கலந்த பெயின்ட்டுக்கு 1978இல்தான் தடை வந்தது. கிளீவ்லாந்து, டெட்ராய்ட், பால்டிமோர் போன்ற ஊர்களில் மலிவாகக் கிடைக்கும் வீடுகள் பெரும்பாலும் அதற்கு முந்தியவை. ஆறு வயதுக்குக் கீழ் குழந்தை உள்ள குடும்பம் வந்தால் உரிந்த பெயின்ட் எதுவும் இருக்கக்கூடாது, ஜன்னல் விளிம்பு உள்பட. கிளீவ்லாந்து 2019இல் தனிச் சட்டமே போட்டது. பழைய வாடகை வீட்டுக்கு ஈயப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். இதை எரிச்சலோடு பேசும் ஓனர்களைப் பார்க்கிறேன். ஈயம் குழந்தையின் மூளையைப் பாதிக்கும், பிறகு மீட்க முடியாது. ஜன்னல் மாற்றும் செலவை வீட்டின் விலையோடு சேர்த்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

எடிசன் வாசகர்: வவுச்சர்காரங்க வீட்டை நாசம் பண்ணிடுவாங்கன்னு எங்க ரியல்டர் (வீட்டுத் தரகர்) சொல்றார். நான் வேண்டாம்னு சொல்லிடலாமா சார்?

நியூஜெர்சியில் சொல்ல முடியாது. வவுச்சரைக் காரணம் காட்டி மறுப்பது அங்கே சட்டவிரோதம். நியூயார்க் நகரம், மாசச்சூசெட்ஸ், 2020 முதல் கலிபோர்னியா, 2023 முதல் இல்லினாய் ஆகியவற்றிலும் அப்படியே. டெக்சாஸ் நேரெதிர், அங்கே பொதுவாக மறுக்கலாம்.

உங்கள் ரியல்டரின் பேச்சை நான் ஏற்கவில்லை. வவுச்சர் குடும்பங்களில் பெரும் பகுதி முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், குழந்தைகள் உள்ள குடும்பங்கள். பல வருடம் வரிசையில் காத்திருந்து வாங்கிய வவுச்சர். ஒப்பந்தத்தை மோசமாக மீறினால் அது பறிபோகலாம் என்று அவர்களுக்குத் தெரியும். நல்ல வீடு கிடைத்தால் எளிதில் காலி செய்வதில்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சாவியைக் கொடுக்கச் சொல்லவில்லை. அத்தாரிட்டி பார்ப்பது வவுச்சருக்குத் தகுதி உண்டா என்பதை. நல்ல குடித்தனக்காரரா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. முந்தைய ஓனருக்குப் போன் போடுங்கள். இப்போதைய ஓனரைவிட அவருக்கு முந்தைய ஓனர் சொல்வதைக் கூடுதலாக நம்புங்கள், ஏனென்றால் இப்போதையவர் ஆளைக் கிளப்பிவிட நினைக்கலாம். நீதிமன்றப் பதிவுகளைப் பாருங்கள். எல்லா விண்ணப்பதாரருக்கும் அளவுகோல் ஒன்றாகவே இருக்கட்டும். டெபாசிட் வாங்கலாம், ஊர் வழக்கத்தைவிட அதிகமாக வேண்டாம்.

பெயர் வேண்டாம் என்ற ஒருவர்: என் வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர், "அத்தாரிட்டி ஒத்துக்கிட்ட வாடகைக்கு மேல 150 டாலர் கையில வாங்கிக்கலாம், எல்லாரும் செய்றதுதான்" என்கிறார்.

மேனேஜரை மாற்றுங்கள். ஒப்பந்த வாடகைக்கு மேல் ஒரு டாலர் வாங்கினாலும் அது மத்திய அரசை ஏமாற்றியதாகும். வாங்கியதைப் பல மடங்காகத் திருப்பிக் கட்ட நேரலாம், திட்டத்திலிருந்தும் விலக்கிவிடுவார்கள். வாடகை போதவில்லை என்றால், முதல் ஒப்பந்தக் காலத்துக்குப் பிறகு வாடகையை உயர்த்தலாம், உயர்வு நடப்புக்கு வருவதற்கு 60 நாள் முன்னதாக அத்தாரிட்டிக்கு எழுதிக் கேளுங்கள். அக்கம்பக்கத்து வாடகை விவரத்தோடு எழுதினால் கிடைக்கவும் செய்யும்.

ஜெர்சி சிட்டி வாசகி: அம்மாவுக்கு வவுச்சர் வந்திருக்கு. என் வீட்டின் கீழ்த்தளத்தை அவங்களுக்கே விடலாமா அண்ணா?

முடியாது. பெற்றோர், பிள்ளைகள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர் யாருக்கும் விடக்கூடாது. குடும்பத்தில் மாற்றுத்திறனாளி இருந்து, அவருக்கு அது அவசியம் என்று அத்தாரிட்டி ஒப்புக்கொண்டால் மட்டும் விலக்கு.

சியாட்டில் வாசகர்: ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா? வரி எப்படி?

வீடு வாங்கி வாடகை பெற விசா தடையில்லை. அன்றாட நிர்வாகத்தை நீங்களே தொழிலாக நடத்துவது வேறு விஷயம். அதற்குக் குடிவரவு வக்கீலைக் கேளுங்கள். வரியில், கட்டடத்தின் விலையை, நிலம் நீங்கலாக, 27.5 வருடத்தில் தேய்மானமாகக் கழிக்கலாம். வாடகை நட்டத்தில் 25,000 டாலர் வரை சம்பளத்தில் கழிக்கும் சலுகை, வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டும்போது தேய ஆரம்பித்து ஒன்றரை லட்சத்தில் முடிந்துவிடும். ஐ.டி. சம்பளக்காரர் பலருக்கு அது கைக்கு எட்டாது.

அதே வாசகர்: போட்டோ பார்த்து, எல்எல்சி (சொந்தப் பொறுப்பு வரம்புள்ள நிறுவனம்) பெயரில் கிளீவ்லாந்தில் வாங்கலாம் என்று இருக்கிறேன்.

போட்டோவில் அடித்தளத்து ஈரம் தெரியாது. நேரில் போங்கள், தெருவில் பகலிலும் இரவிலும் நடந்து பாருங்கள். கிளீவ்லாந்து இருக்கும் குயஹோகா கவுன்டியில் சொத்து வரி வீட்டு மதிப்பில் 2 சதவீதத்துக்கும் மேல். 2024 மறுமதிப்பீட்டில் மதிப்புகளும் நன்றாக ஏறின. வெளியூர் ஓனர் உள்ளூரில் ஒரு பொறுப்பாளரைப் பதிவு செய்ய வேண்டும். வீடு எல்எல்சி பெயரில் இருந்தால், ஆளைக் காலி செய்ய வழக்குப் போடும்போது நீங்களே நின்று வாதாட முடியாது, வக்கீல் வைத்தாக வேண்டும். வரி, இன்சூரன்ஸ், மேனேஜர் கமிஷன், வக்கீல், ஆளில்லாத மாதங்கள், கூரை, பாய்லர் எல்லாவற்றையும் மேலே கணக்குப் போட்ட 1,200 போன்ற வாடகையில் கழித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை எழுதி அனுப்புங்கள். அதன்பிறகு அந்த வீட்டைப் பற்றிப் பேசலாம்.