பதில்: ஃபெத்தியே ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுக்கலாமா?

துருக்கியின் கடலோர ஊரான ஃபெத்தியேயில் நீங்கள் வாங்க நினைக்கிற ஃபிளாட்டில் எனக்கு உறுத்துவது விலை இல்லை, கோடையில் வார வாடகைக்கு விட்டே போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்று ஏஜென்ட் சொன்னாரே, அதுதான். 2024 ஜனவரி முதல் துருக்கியில் 100 நாள் வரையிலான வாடகைக்குச் சுற்றுலா அமைச்சகத்தின் அனுமதி வேண்டும், அதற்குக் கட்டடத்தில் உள்ள எல்லா உரிமையாளர்களும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும், ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் போச்சு. ஏஜென்டிடம் அந்தச் சம்மதத்தை எழுத்தில் கேளுங்கள், பேச்சு எப்படி மாறுகிறது பாருங்கள்!

அப்புறம், 'தாப்பு' எனும் சொத்துரிமைப் பத்திரத்தில் அடமானம் ஏதாவது இருக்கிறதா, கட்டடத்தில் குடியேறலாம் என்ற சான்று வாங்கியிருக்கிறார்களா என்பதை நீங்களே வைக்கும் வக்கீல் பார்க்கட்டும், ஏஜென்ட் கைகாட்டும் ஆள் வேண்டாம். பத்திர மாற்றத்துக்கு 4 சதவீத வரி, அது பெரும்பாலும் வாங்குபவர் தலையில்தான் விழும். நிலநடுக்கக் காப்பீடும் கட்டாயம். வக்கீல் எல்லாம் பார்த்து, அந்தச் சம்மதமும் எழுத்தில் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.