நவம்பர் லிஸ்பனுக்குக் குடை போதுமா?

அண்ணாச்சி, நவம்பர் கடைசியில் அம்மாவோடு போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனுக்கும், அந்நாட்டுக் கடலோர ஊரான நசரேவுக்கும் போகக் குடை போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. பாளையங்கோட்டையில் ஐப்பசி மழை நேராகக் கொட்டும். அங்கே அட்லாண்டிக் காற்று மழையைச் சாய்த்து அடித்து, குடையையும் மடக்கிவிடும். தலையை மூடும் மழைக்கோட்டு வாங்குங்கள்.

அதைவிட முக்கியம் காலணி. லிஸ்பன் நடைபாதை வழுவழுப்பான சுண்ணாம்புக் கல். நனைந்தால் குற்றாலத்துப் பாறைதான், அதுவும் செங்குத்தான ஏற்றத்தில்! நான் இரண்டு முறை விழுந்தேன். அம்மாவுக்குப் பிடிப்புள்ள ரப்பர் அடி ஷூ கட்டாயம்.

மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

நசரேயைத் திருச்செந்தூர் என்று நினைத்து அம்மா கடலில் இறங்கிவிடப் போகிறார்கள். 2020 அக்டோபரில் 86 அடி உயர அலையில் ஒருவர் பலகை மேல் நின்று அலைச்சறுக்கு செய்த இடம் அது. கலங்கரை விளக்கக் கோட்டையில் நின்றே பாருங்கள். தெருவில் சுட்டு விற்கும் செஸ்ட்நட் கொட்டை வாங்கிக் கொடுங்கள். பனங்கிழங்கு நினைவு வரும்.