அக்காவின் பழைய ஸ்ட்ரோலர் ஒரு காப்புரிமையைத் தடுக்குமா?

கேள்வி: குழந்தைகளுக்கான ஸ்ட்ரோலர் வடிவமைத்து விற்கும் சிறு தொழில் செய்கிறேன். எங்கள் வண்டியில் பக்கப் பட்டைகளைத் தளர்த்தினால் இருக்கையும் முதுகுச்சாய்வும் ஒரே மட்டமாகி, தொட்டில் போல ஆகிவிடும். 2024 ஜூலையிலிருந்து விற்கிறோம். போன வாரம் ஒரு பெரிய நிறுவனத்தின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. இதே அமைப்புக்கு அவர்கள் 2025 மார்ச்சில் அமெரிக்காவில் காப்புரிமை விண்ணப்பமும், அதோடு பிசிடி (பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போட வழிசெய்யும் ஒப்பந்தம்) சர்வதேச விண்ணப்பமும் போட்டிருக்கிறார்களாம். செப்டம்பரில் வெளியான நகலை இணைத்திருக்கிறார்கள். நாங்கள் அவர்களுக்கு எட்டு மாதம் முந்தியவர்கள். போதாததற்கு, என் அக்கா 2016இல் வாங்கிய ஸ்ட்ரோலரிலேயே இந்த வசதி இருந்தது, போட்டோவும் இருக்கிறது. இதை வைத்து அவர்களை முறியடிக்க முடியாதா?

பதில்: முடியலாம். ஆனால் நீங்கள் நினைக்கும் வழியில் அல்ல. உங்கள் கையில் இருப்பதாக நீங்கள் நம்பும் இரண்டு ஆயுதங்களில் ஒன்று அநேகமாகச் செல்லாது, இன்னொன்று இன்னும் ஆயுதமாகவே ஆகவில்லை.

முதலில் அந்த எட்டு மாதக் கணக்கு. நீங்கள் அனுப்பிய நகலின் முதல் பக்கத்தைப் பாருங்கள். (22) என்ற எண்ணுக்கு எதிரே இருப்பது விண்ணப்பம் போட்ட நாள், 2025 மார்ச். கொஞ்சம் கீழே (60) என்ற எண்ணோடு ஒரு வரி இருக்கிறது: 2024 மார்ச்சில் ஒரு தற்காலிக விண்ணப்பம். அதுதான் முன்னுரிமைத் தேதி. ஒரு நாட்டில் முதலில் போட்டுவிட்டு 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் போட்டால், பழைய தேதியே கணக்கில் எடுக்கப்படும். ஆக, நீங்கள் விற்க ஆரம்பித்தது அவர்களுக்கு எட்டு மாதம் முன்னால் இல்லை, நான்கு மாதம் பின்னால்.

இதைப் படித்ததும் மனம் உடைந்துவிட வேண்டாம். இரண்டு விஷயங்களைச் சரிபார்க்கச் சொல்கிறேன். ஒன்று, அந்தத் தற்காலிக விண்ணப்பத்தில் உண்மையிலேயே இந்த அமைப்பு முழுதும் சொல்லப்பட்டிருக்கிறதா? அவசரத்தில் இரண்டு படமும் நாலு பத்தியும் மட்டும் போட்டுவிட்டு, முக்கியமான பாகத்தை அடுத்த வருடம் சேர்ப்பவர்கள் உண்டு. அப்படிச் சேர்த்த பாகத்துக்குப் பழைய தேதி கிடைக்காது. அப்போது உங்கள் 2024 ஜூலை விற்பனை உயிர் பெறும். வெளியான விண்ணப்பம் முன்னுரிமை கோரும் தற்காலிக விண்ணப்பத்தை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலேயே யாரும் பார்க்கலாம். இரண்டாவது, 2024 மார்ச்சுக்கு முன் நீங்களே இந்த வண்டியை வெளியில் காட்டியிருக்கிறீர்களா? கண்காட்சி, எல்லாரும் பார்க்கும்படி போட்ட வீடியோ, ரகசிய ஒப்பந்தம் இல்லாமல் கடைக்காரருக்கு அனுப்பிய மாதிரி எல்லாம் கணக்கில் வரும். ரகசியம் காக்கச் சொல்லித் தொழிற்சாலைக்குக் கொடுத்த வரைபடம் வராது.

சரி, அக்காவின் வண்டிக்கு வருவோம். பிரையர் ஆர்ட் என்பதைத் தமிழில் முன்கலை என்கிறோம். முன்னுரிமைத் தேதிக்கு முன் உலகில் எங்காவது, எந்த மொழியிலாவது பொதுமக்கள் அறியும்படி இருந்த எதுவும் முன்கலைதான். அது எவ்வளவு பழையது, அதன் காப்புரிமை காலாவதியாகிவிட்டதா என்பதெல்லாம் பொருட்டே இல்லை. 1889இல் வில்லியம் ரிச்சர்ட்சன் என்பவர் குழந்தை வண்டிக்கு ஒரு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார், எண் 405,600. தொட்டில் பகுதியைத் திருப்பி, குழந்தை தள்ளுபவரின் முகத்தைப் பார்க்கும்படி வைக்கலாம். 1965இல் விமானப் பொறியாளர் ஓவன் மெக்லாரன் குடை போல மடங்கும் அலுமினிய வண்டிக்கு விண்ணப்பித்தார். ஸ்ட்ரோலர் காப்புரிமைக்கு இன்று விண்ணப்பிக்கும் யாரும் இவர்களையெல்லாம் தாண்டித்தான் வர வேண்டும்.

ஆனால் எதைத் தாண்ட வேண்டும் என்பதை முடிவு செய்வது விண்ணப்பத்தின் தலைப்பும் அல்ல, படமும் அல்ல. கடைசியில் எண் போட்டு வரும் உரிமைக்கோரல்கள்தான். உங்கள் நகலில் முதல் கோரலைப் பிரித்துப் பார்த்தேன். சக்கரங்கள் உள்ள சட்டகம். அதில் கழற்றி மாட்டக்கூடிய இருக்கை. இருக்கையும் முதுகுச்சாய்வும் கீலால் இணைந்தவை. பட்டைகளைத் தளர்த்தினால் இரண்டும் ஒரே மட்டமாகும். கால்பலகை மேலே மடங்கித் தொட்டிலின் கால்மாட்டுச் சுவராக நிற்கும். கடைசியாக, தட்டையான நிலையில் இருக்கையைத் தள்ளுபவரைப் பார்த்த திசையில் மட்டுமே மாட்ட முடியும்படி ஒரு தடுப்பு. மொத்தம் ஆறு கூறுகள்.

புதுமை இல்லை என்று நிரூபிக்க, இந்த ஆறும் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும். அக்காவின் போட்டோவில் என்ன தெரிகிறது? ஒரு குழந்தை மல்லாக்கப் படுத்திருக்கிறது, வண்டியின் மேல்துணி தெரிகிறது, அவ்வளவுதான். கீல் தெரியவில்லை, பட்டை எங்கே போகிறது என்று தெரியவில்லை, தடுப்பு இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. அக்கா சத்தியம் செய்து சொன்னாலும் விண்ணப்பத்தை ஆராயும் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அமெரிக்காவில் காப்புரிமை வழங்கும் முன்பான இந்தக் கட்டத்தில் மூன்றாம் நபர் கொடுக்கக்கூடியவை காப்புரிமைகள், வெளியான விண்ணப்பங்கள், அச்சிட்ட வெளியீடுகள் மட்டுமே. இணையத்தில் வெளியானதும் அச்சிட்ட வெளியீடாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட இடமில்லை.

அதனால் அந்த வண்டியை ஒரு ஆவணமாக மாற்ற வேண்டும். அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பின் அச்சுக் குழாயைப் பாருங்கள். அநேகமாக அங்கே ஒரு ஒட்டுச்சீட்டில் மாடல் எண்ணும் தயாரித்த மாதமும் இருக்கும். அந்த மாடல் எண்ணை வைத்து அதன் பயன்பாட்டுக் கையேட்டைத் தேடுங்கள். என் அனுபவத்தில் விளம்பரத்தை விடக் கையேடு பத்து மடங்கு மதிப்புள்ளது. விளம்பரம் 'நொடியில் தொட்டில்!' என்று முடித்துக்கொள்ளும். கையேடுதான் எந்தக் கொக்கியை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும், எந்தத் திசையில் மாட்டக் கூடாது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும். கடைசிப் பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு அச்சுக் குறியீடு இருக்கும், அதையும் விடாதீர்கள். அந்தக் கையேடு பொதுவில் எப்போது கிடைத்தது என்பதற்கு வேபேக் மெஷினில் பதிவான பழைய இணையப் பக்கம் உதவும். வண்டி எப்போதாவது பாதுகாப்புக் குறைபாட்டால் திரும்பப் பெறப்பட்டிருந்தால், அரசின் அறிவிப்பு தேதியோடும் படத்தோடும் கிடைக்கும்.

கையேட்டில் ஐந்து கூறுதான் இருந்து, திசைத் தடுப்பு மட்டும் இல்லையென்றால்? அப்போது வாதம் மாறுகிறது. இரண்டு ஆவணங்களைச் சேர்த்து, இந்தத் துறையில் சராசரித் திறமை உள்ளவருக்கு இது வெளிப்படையாகத் தோன்றியிருக்கும் என்று காட்ட வேண்டும். 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேஎஸ்ஆர் வழக்கில், காரின் நகர்த்தக்கூடிய பெடலில் மின்னணு உணரியைப் பொருத்தியதை ஆராய்ந்து, தெரிந்த பாகங்களைத் தெரிந்த முறையில் சேர்த்து எதிர்பார்த்த பலனே கிடைத்தால் அது பெரும்பாலும் வெளிப்படையானதே என்றது. இயந்திரப் பொருட்களுக்கு இந்தத் தீர்ப்பு பெரிய துணை. எனவே உங்கள் தேடலின் முழுக் கவனமும் ஆறாவது கூறின் மேல் இருக்கட்டும். இந்த விண்ணப்பத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. முதல் ஐந்துக்கு ஐம்பது ஆவணம் சேர்த்தாலும் அவர்கள் கோரலைக் குறுக்கி ஆறாவதைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடுவார்கள்.

எங்கே தேடுவது? ஸ்ட்ரோலர் என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். புஷ்சேர், பிராம், பெராம்புலேட்டர், பேபி கேரேஜ் என்று காலத்துக்கும் ஊருக்கும் ஒரு பெயர். சொல்லுக்குப் பதில் காப்புரிமை ஆவணங்களுக்கான வகைப்பாட்டுக் குறியீட்டில் தேடுங்கள்: குழந்தை வண்டிகளுக்கு பி62பி 7, பி62பி 9. தொட்டில், குழந்தை நாற்காலிகளுக்கு ஏ47டி. காரில் பொருத்தும் குழந்தை இருக்கைக்கு பி60என் 2/28. ஒரே திசையில் மட்டும் மாட்டும் பூட்டு இந்தக் கடைசிப் பிரிவில் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஜப்பான், சீன ஆவணங்களை மொழிக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள், படங்களை வேகமாகப் புரட்டினாலே போதும். பிசிடி தேடல் அறிக்கை வெளியாகியிருந்தால் அதை முதலில் படியுங்கள். அதில் எக்ஸ் என்று குறித்த ஆவணம் தனியாகவே கோரலைத் தாக்குவது, ஒய் என்பது இன்னொன்றோடு சேர்ந்து தாக்குவது. பாதி வேலையை அவர்கள் கட்டிய கட்டணத்திலேயே ஒருவர் செய்து வைத்திருக்கிறார்.

பலரும் மறக்கும் ஒரு இடம், அந்த நிறுவனத்தின் சொந்தப் பட்டியல்கள். அவர்களே 2023 மார்ச்சுக்கு முன் இதை விற்றிருந்தால் அமெரிக்காவில் அதுவே அவர்களுக்கு எதிரான முன்கலை. விண்ணப்பிப்பவர் தானே முன்பு வெளியிட்டதை மன்னிக்கும் ஓராண்டுச் சலுகைக் காலம் அதற்கு மேல் நீளாது. ஐரோப்பாவில் பொதுவான சலுகையே இல்லை, முன்னுரிமைத் தேதிக்கு ஒரு நாள் முன்பு காட்டியிருந்தாலும் போச்சு.

கிடைத்ததை எங்கே, எதுவரை கொடுக்கலாம் என்றால், அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் வெளியாகி ஆறு மாதம், அல்லது முதல் நிராகரிப்பு, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை. ஆனால் காப்புரிமை தரலாம் என்ற அறிவிப்பு வந்துவிட்டால் கதவு மூடிவிடும். மூன்று ஆவணம் வரை முதல் முறை கட்டணம் இல்லை. ஒவ்வொன்றும் எப்படிப் பொருந்துகிறது என்று சுருக்கமாக எழுத வேண்டும், வாதாடக் கூடாது. பிசிடியில் முன்னுரிமைத் தேதியிலிருந்து 28 மாதம், அதாவது 2026 ஜூலை வரை, இலவசமாக, பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். ஒருவருக்கு ஒரே வாய்ப்பு. பிறகு அது இந்தியாவுக்குள் வந்தால், வெளியான பின் காப்புரிமை வழங்கும் முன் யாரும் பிரிவு 25(1)இன் கீழ் எதிர்க்கலாம். ஐரோப்பாவில் வழங்கிய பின் ஒன்பது மாதம் எதிர்ப்புக்கு உண்டு.

கொடுப்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள், இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். அரைகுறை ஆவணத்தை இப்போது கொடுத்தால், பரிசோதகர் அதைப் பார்த்தும் காப்புரிமை வழங்கிவிடுவார். பின்னால் அதே ஆவணத்தோடு போனால், ஏற்கெனவே பார்த்தாயிற்று என்பார்கள். ஆறு கூறும் உள்ள ஒரே ஆவணம் கிடைத்தால் உடனே கொடுங்கள். இல்லையென்றால் என்னைப் போன்ற ஒருவரோடு உட்கார்ந்து பேசிவிட்டுக் கொடுங்கள்.

அப்புறம் அந்தக் கடிதம். காப்புரிமை இன்னும் வழங்கப்படவில்லை, இன்று உங்கள் விற்பனையை நிறுத்தச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் வெளியான விண்ணப்பம் உங்களுக்குத் தெரியும் என்று பதிவு செய்வதற்காகவே அனுப்பியிருக்கிறார்கள். பின்னால் அதே கோரல் பெரிதாக மாறாமல் வழங்கப்பட்டால், அமெரிக்காவில் நீங்கள் விற்றதற்கு இந்தக் கடிதம் வந்த நாளிலிருந்தே நியாயமான ராயல்டி கேட்கலாம். அதனால் கோபத்தில் பதில் எழுதாதீர்கள். 'எங்களுடையதும் அதேதான், ஆனால் நாங்கள் முதலில் செய்தோம்' என்று எனக்கு எழுதிய வரியை அவர்களுக்கு எழுதினால், மீறலை உங்கள் கையாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். உண்மையில் உங்கள் வண்டியில் அந்தத் திசைத் தடுப்பு இருக்கிறதா என்று நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லை. இல்லையென்றால் முதல் கோரல் உங்களைத் தொடாமலே போகலாம். முதலில் அதைப் பார்த்து எழுதுங்கள். அக்காவிடமும் இன்றே ஒரு போன் போடுங்கள், அந்த வண்டியைப் பழைய சாமானோடு போட்டுவிடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.