இரட்டைக் குட்டிகளில் ஒன்றை மட்டும் தாயாடு முட்டித் தள்ளினால்

ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை ஊசியாகப் போட்டால் தாயாடு அந்தக் குட்டியைச் சேர்த்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்காது. ஊசி மருந்து பாலை இறக்கும். ஆனால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் மிகச் சொற்பமாகவே போகும். பாசத்தை உண்டாக்கும் ஆக்சிடோசின், குட்டி கருப்பை வாயைக் கடக்கும்போது மூளைக்குள்ளேயே சுரப்பது. அடுத்த ஓரிரு மணி நேரத்தில் தாய் நக்கி, மோந்து, குட்டியின் வாசனையை மனத்தில் பதித்துக்கொள்கிறது. அற்புதமான ஏற்பாடு அது!

குளிருக்காக அந்தக் குட்டியை உடனே துடைத்து வீட்டுக்குள் கொண்டுபோனதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான் காரணம்.

1. தாய் வால் பக்கம் மோந்து பார்த்த பிறகு முட்டுகிறதா, கவனியுங்கள். அப்படியானால் வாசனைச் சிக்கல். இரண்டு குட்டிகளையுமே உதைத்தால் மடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாகவோ கட்டியாகவோ இருந்தால் மடிநோயாக இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

2. தாயைக் குட்டைக் கயிற்றில் கட்டி, அதன் பாலையே குட்டியின் முதுகிலும் வாலடியிலும் தடவி, பக்கத்தில் நின்று ஊட்டவிடுங்கள். ஒரு நாளைக்குப் பல முறை.

சில நாட்கள் பிடிக்கும். சில ஆடுகள் கடைசிவரை ஏற்காது. அதற்காகக் காத்திருக்காமல் இப்போதே சீம்பாலைக் கறந்து புகட்டிவிடுங்கள்.